பஞ்சு அடங்கட்டும்

சங்கையாவுக்கு மெதுவாகப் பேச வராது. இருபத்தொரு வருஷம் நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் நின்றவருக்கு எப்படி வரும்? அங்கே நூல் நூற்கிற ஃப்ரேம்கள் வரிசை வரிசையாக ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்கிறவனிடம் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்வதற்குக்கூட ஒன்று கையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சங்கையா கத்துகிற கட்சி. மில்லை மூடிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவர் தொண்டைக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவர் "ஏட்டி, காப்பி" என்றால், மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண்களும் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர் மனைவி பொன்மணி சொல்வாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வேலை கிடைத்தது மெதுவாகப் பேச வேண்டிய ஓர் இடத்தில். ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ஆறு வருஷமாக அங்கே அட்டெண்டர். காலையில் பஸ் ஏறி எட்டு மணிக்குள் வந்து கதவைத் திறப்பார். ஏ.சி.யைப் போட்டு, சி.டி. மெஷினின் படுக்கைக்குப் புது விரிப்பு விரித்து வைப்பார். வருகிறவர்களின் சங்கிலி, தாயத்து, இடுப்புச் சாவி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிக் கிண்ணத்தில் வாங்கி வைப்பதும், அவர்களைப் படுக்க வைப்பதும், பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அவர் வேலை. கடைசி வேலையில்தான் கொஞ்சம் இடைஞ்சல். "பயப்படாதீக!" என்று அவர் சொன்ன சத்தத்திலேயே இரண்டு பேர் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள்.

ஆனால் மெஷினைப் பற்றி அவர் சொன்னால் யாருக்கும் விளங்கும்.

"வாழக்கா வத்தலுக்குச் சீவுறதப் பாத்திருக்கீகள்லா? அது மாதிரி இது நெஞ்ச வில்ல வில்லையாச் சீவிப் படம் எடுக்கும். கத்தி கெடையாது, ரத்தம் கெடையாது. பழைய மெஷினு ஒரு சுத்துக்கு ஒரு வில்லதான் எடுக்கும். நெஞ்சு முழுசும் எடுத்து முடிக்கங்குள்ள மனுசன் இருவது தரம் மூச்சப் பிடிக்கணும். இது ஒரு சுத்துக்கு நூத்தி இருவத்தெட்டு வில்ல. நீங்க ஒருக்கா மூச்சப் பிடிச்சு விடுங்க, சோலி முடிஞ்சுது."

டெக்னீசியன் ஜோயல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இதைக் கேட்டுச் சிரிப்பான். நாலு வருஷம் காலேஜில் படித்ததை அண்ணாச்சி ஒரு வாழைக்காயில் முடித்துவிட்டார் என்பான்.

நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் ஷெரின் வந்து சேர்ந்தார். மதுரையில் ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லுகிற டாக்டர். கூடவே ஒரு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். பஞ்சாலையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களின் நெஞ்சுக்குள் பஞ்சுத்தூசி என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ராஜபாளையத்தைவிடத் தோதான ஊர் வேறு ஏது? சென்டர் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆள் சேர்க்கும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே, சங்கையா தலையில் வந்து உட்கார்ந்தது.

டாக்டரம்மாவுக்கு ஒவ்வொருவரிடமும் இரண்டு படம் வேண்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒன்று. இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, மறுபடி இழுக்காமல் அப்படியே கிடந்து இன்னொன்று. நல்ல நுரையீரல் என்றால் காற்று போனதும் சுருங்கும், படத்தில் வெளுத்துத் தெரியும். சின்னச் சின்னக் குழாய்கள் கெட்டுப்போயிருந்தால் காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுப்பாக நிற்கும். நிறைந்த நெஞ்சு எதையும் மறைத்துவிடும், காலி நெஞ்சுதான் உண்மையைச் சொல்லும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

மில் ஆட்கள் நாற்பது பேர். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, பஞ்சே படாதவர்கள் இருபது பேர்.

சங்கையா சோழபுரத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் போய்ப் பழைய ஷிப்ட் ஆட்களை வீடு வீடாகப் பார்த்தார். "ஊசி கெடையாது. உங்க பேரு வெளிய வராது. நாம தின்ன பஞ்சு எம்புட்டுன்னு படத்துல ஏறட்டும். நாளைக்கு மில்லுக்குள்ள போறவனுக்காவது ஒரு வழி பொறக்கும். என்னைய நம்பி வாங்க" என்றார். டாக்டரை அவர்களுக்குத் தெரியாது, ஆராய்ச்சி என்ற சொல் பிடிக்காது. சங்கையாவைத் தெரியும். அதனால் வந்தார்கள்.

பஞ்சு படாதவர்களைச் சேர்த்ததில் ஒரு கூத்து நடந்தது. சங்கையா தன் தெருவிலிருந்தே ஆறு பேரைப் பெருமையாகக் கூட்டி வந்து நிறுத்தினார். ஆறு பேரும் பால்கோவா கிண்டுகிறவர்கள். டாக்டர் ஷெரின் பேனாவைத் திறந்தார்.

"எந்த அடுப்புல கிண்டுறீங்க?"

"வெறகடுப்புதான் டாக்டரம்மா. அதுலதான் ருசி."

"எத்தனை வருஷமா?"

"முப்பது இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு சங்கையாவைப் பார்த்தார். "சங்கையாண்ணே, பஞ்சு இல்ல, சரி. புகை?"

"நீங்க பஞ்சத்தான கேட்டீக? பொகையக் கேக்கலயே."

ஆறு பேரும் கொண்டுவந்த பால்கோவாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர்களையும் பத்திரம் எழுதுகிறவர்களையும் சேர்த்துக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. நோய்க்காக இல்லாமல் ஆராய்ச்சிக்காகப் படம் எடுப்பதால், ஓர் ஆளுக்கு ஒரு படத்துக்கு ஒரு தரம்தான் மெஷினை ஓட்டலாம். கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான், மறுபடி எடுக்கக் கூடாது. தேவையில்லாமல் யார் உடம்பிலும் கதிர் படக் கூடாது என்று மதுரையில் ஒரு குழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி அது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மில் ஆட்கள் பதினாலு பேர் வந்தார்கள். ஒன்பது பேருடைய காலி நெஞ்சுப் படம் கெட்டுப்போனது.

கெட்டது எப்படி என்றால், மெஷினுக்குள் ஒரு பெண்குரல் பதிந்திருக்கிறது. பட்டணத்துப் பிள்ளை, தேன் மாதிரிக் குரல். "மூச்சை உள்ளிழுக்கவும். மூச்சை அடக்கவும்" என்றது. எல்லாரும் நெஞ்சை விடைத்துக்கொண்டு கிடந்தார்கள். முதல் படம் ஜோராக வந்தது. பிறகு, "மூச்சை முழுவதுமாக வெளியேற்றவும். மூச்சை அடக்கவும்" என்றது. விட்டார்கள். 'அடக்கவும்' என்று காதில் விழுந்ததோ இல்லையோ, ஒவ்வொருவரும் மறுபடி ஒரு மடக்கு காற்றை இழுத்துக்கொண்டு கம்மென்று கிடந்தார்கள். மூட்டை தூக்கினவர்களுக்கு மூச்சை அடக்குவது என்றால் தம் கட்டுவது. காலி நெஞ்சோடு எவனாவது தம் கட்டுவானா?

டாக்டர் திரையில் காட்டினார். நடு நெஞ்சில் மூச்சுக்குழாய் குறுக்கே வெட்டின மாதிரித் தெரிந்தது.

"இங்க பாருங்கண்ணே. முழுசா மூச்ச விட்டிருந்தா, இந்தக் குழாயோட பின்பக்கச் சுவர் உள்ள வளைஞ்சு பிறை மாதிரி இருக்கணும். இவங்களுக்கு வட்டமா இருக்கு. வட்டமா இருந்தா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம்."

"வட்டம்னா பொய், பெறைன்னா நெசம்" என்றார் சங்கையா.

"அவ்வளவுதான்."

மதுரையிலிருந்து பெரிய டாக்டர் போனில் சொன்னது ஷெரினுக்குக் கசப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் சங்கையாவிடம் மறைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இப்படியே போனால் ராஜபாளையத்து ஆட்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். மதுரைப் பக்கம் வேறு ஆட்களை வைத்துச் செய்வார்களாம்.

"அப்பம் இந்தப் பதினாலு பேரு?"

"அவங்க படத்தப் பாத்து அவங்களுக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லிருவேன். ஆனா ஆராய்ச்சியில சேராது."

சங்கையா படுக்கை விரிப்பை உருவி மடித்து வைத்தார். அவர் பேசாமல் இருந்ததை அந்தச் சென்டரில் அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சீனியம்மாள் ரிப்போர்ட் வாங்க வந்தாள். செட்டியார்பட்டிக்காரி. நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருபத்தாறு வருஷம் நின்றவள். மாடிப்படி ஏறி வந்ததற்கே செத்த நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.

"சங்கையா, என் படம் எப்படி வந்திருக்கு? நல்லா வுழுந்திருக்கா?"

"ம்... டாக்டரம்மா பாத்துச் சொல்லுவாக, மதினி."

"அவுக சொல்றது இருக்கட்டும். நீ சொல்லி வந்தவ நானு. மக வேண்டாம்னா, நாந்தான் சங்கையா பொய் சொல்ல மாட்டான்னு வந்தேன். நீ சொல்லு."

"ஏன் மதினி, டீ வாங்கியாரவா?"

"ஏலே, மூஞ்சியே சரியில்லையே. படத்துல என் தலைய வெட்டிட்டீகளா?"

சங்கையா டீ வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிப் போனவர், அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் மேலே வரவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு பொம்பளைக்குப் பயந்து டீக்கடையில் ஒளிந்து நின்றது அவருக்கே கேவலமாக இருந்தது. என்னைய நம்பி வாங்க என்று நாற்பது வீட்டு வாசலில் நின்று சொன்னவர் அவர். படம் வீணாகிப்போனால் செட்டியார்பட்டிப் பக்கம் எந்த முகத்தோடு போவார்?

அந்த வாரம் முழுக்க, வருகிற ஆள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "மூச்ச விட்டுட்டு இழுக்காதீக." இழுத்தார்கள். "காத்தத் தொறந்து விட்டுட்டு வாசல அடச்சிருங்க." விழித்தார்கள். "செத்த மாதிரிக் கெடங்க" என்று ஒரு கிழவரிடம் சொல்லிப்போட்டு அவர் மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூச்சை நிறைத்துப் பிடிப்பதற்குத் தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. காலியாக வைத்துக்கொண்டு கிடப்பதற்கு ஒரு சொல் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் குறைந்திருந்தது. சங்கையா ஏ.சி.யின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய எடுத்தார். ஒரு மாதத்துத் தூசி மெத்தை மாதிரிப் படிந்திருந்தது. துணியால் துடைக்க வேண்டியதுதான் முறை. பழக்கதோஷம், வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்து 'ஃபூ' என்று ஊதினார். தூசி கிளம்பி முகத்தைச் சுற்றியது.

சங்கையா அப்படியே நின்றார். வாய் மூடியிருந்தது. மூக்கு விடைக்கவில்லை. நெஞ்சு அசையவில்லை. கண் மட்டும் தூசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி?" என்றான் ஜோயல். "என்னாச்சு? மூச்சு நின்னுபோச்சா?"

சங்கையா கையைக் காட்டினார். பொறு என்று அர்த்தம். தூசி முழுக்க இறங்கின பிறகு மெதுவாக மூக்கால் காற்றை இழுத்தார். பிறகு சென்டர் அதிரக் கத்தினார்.

"ஏலே ஜோயலு! நான் இப்பம் என்ன செஞ்சேன்?"

"தூசிய ஊதுனீங்க."

"ஊதிட்டு?"

"சும்மா நின்னீங்க."

"இழுத்தனா?"

ஜோயல் நாற்காலியிலிருந்து எழுந்தான். "இல்ல."

மில்லில் வேலை பார்த்த யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், இழை அறும். கையில் பிரஷ் இருந்தாலும் அவசரத்துக்கு வாயால்தான் ஊதுவார்கள். ஊதின பஞ்சு ஊதினவன் முகத்துக்கே திரும்பி வரும். அந்த நேரம் மூச்சை இழுத்தால் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அரைமணி நேரம் இருமிச் சாக வேண்டும். அதனால் ஊதுவார்கள், பஞ்சு அடங்குகிற வரைக்கும் இழுக்காமல் நிற்பார்கள், அப்புறம் இழுப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு நூறு தரம். சேர்ந்த புதிதில் மேஸ்திரி சொல்வதும் அந்த ஒரு சொல்தான்: பஞ்சு அடங்கட்டும்.

டாக்டர் ஷெரினுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவர் இரண்டு தரம் கேட்டார். மதுரையிலிருந்து வழக்கமாகச் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறவர், வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். சங்கையாவை நாற்காலியில் உட்கார வைத்து, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, காற்றை அளக்கிற கருவியில் ஊதச் சொன்னார். முதலில் புத்தகத்தில் உள்ளபடி சொன்னார். பிறகு சங்கையா சொன்னபடி சொன்னார். இரண்டாம் தரம் நெஞ்சு இன்னும் காலியானதாகக் கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை நீங்கதான் சொல்லணும். அந்தப் பொண்ணு குரல் வேண்டாம்" என்றார்.

மெஷினில் குரல் பதிய இடம் இருந்தது. ஜோயல் மைக்கை நீட்டினான். சங்கையா குனிந்து, "ஊதுலே!" என்றார். கண்ணாடி அதிர்ந்தது.

"அண்ணாச்சி, மைக்க எதுக்குக் கண்டுபிடிச்சாங்க? கத்தாம இருக்கத்தான்."

"மரியாதையாச் சொல்லுங்கண்ணே, லேடீஸும் வருவாங்க" என்றார் டாக்டர்.

சங்கையா தொண்டையைக் கனைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தாங்கள் தயவுகூர்ந்து..." என்று ஆரம்பித்தார்.

"இதென்ன, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கிறீங்க?"

எட்டாவது தரத்தில் சரியாக அமைந்தது. "நல்லா இழுங்க... தம் கட்டுங்க" என்று ஒன்று. "ஊதுங்க... ஊதுங்க... இன்னும் ஊதுங்க. பஞ்சு அடங்கட்டும்" என்று இன்னொன்று. படம் எடுத்து முடிந்ததும், "ம், இழுத்துக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் பால்பாண்டி. சங்கையாவோடு ஒரே ஷிப்டில் பதினைந்து வருஷம். எதற்கும் ஏறுக்கு மாறாகப் பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"போன வாரம் ஒரு பிள்ள அடக்கம் அடக்கம்னு சொன்னாளாமே? எங்க ஊர்ல அடக்கம்னா பொணத்தத்தான் செய்வாக. இன்னைக்கு யாரு அடக்கம் பண்ணப் போறது?"

"படுலே பேசாம" என்றார் சங்கையா. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, பட்டையைக் கட்டிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார். மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் குரலை மட்டும் ஒரு தரம் ஓடவிட்டுப் பழக்குவது வழக்கம். ஜோயல் பட்டனை அமுக்கினான்.

"நல்லா இழுங்க... தம் கட்டுங்க" என்றது மெஷின்.

"கட்டிட்டேன்லே!" என்று உள்ளேயிருந்து பால்பாண்டி கத்தினான். "ஏலே சங்கையா, எங்கலே ஒளிஞ்சிருக்க? என்னைக்குலே நீ என்னைய வாங்க போங்கன்னே?"

வெளியே காத்திருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். ஜோயல் சிரித்தான். டாக்டர் ஷெரின் சிரிக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளையின் குரலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, தெரிந்தவன் குரலுக்கு வாய் தானாகத் திறக்கிறது. பேசினால் மூச்சு போச்சு, படமும் போச்சு. பன்னிரண்டு பேரும் சங்கையாவுக்குத் தெரிந்தவர்கள்.

"என்னண்ணே செய்யலாம்? பழைய குரலையே போட்டுரலாமா?" என்றார். டாக்டரின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

சங்கையா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "பால்பாண்டி, ஃப்ரேம் ஓடிக்கிட்டு இருக்கு. நான் அந்தக் கடைசியில நிக்கேன். நான் கத்துனா நீ என்ன செய்வ?"

"கையக் காட்டுவேன்."

"வாயத் தொறந்து பதில் சொல்லுவியா?"

"எந்தக் கிறுக்கன் சொல்லுவான்? கேக்கவா போகுது?"

"இதுவும் ஃப்ரேம்தாம்லே. சத்தம் கேக்கும் பாரு, அச்சு அசல் நம்ம ரெண்டாம் வரிசை ஃப்ரேமு. பதில் சொல்லாத."

"கையும் மேல கெடக்கே. அப்பம் எதக் காட்ட?"

"ஒண்ணையும் காட்ட வேண்டாம்."

வெளியே வந்து ஜோயலிடம் மைக்கைக் கேட்டார். முன்னால் ஒரு வரி சேர்த்தார்: "ஃப்ரேம் ஓடுது, பதில் பேசாதீங்க."

மறுபடி பழக்கிப் பார்த்தார்கள். பால்பாண்டியின் வாய் திறக்கவில்லை. டாக்டர் சரி என்று தலையை அசைத்தார். மெஷின் சுற்ற ஆரம்பித்தது. முதல் படம் முடிந்தது. பிறகு சங்கையாவின் குரல் ஊதச் சொன்னது. கண்ணாடி வழியே பார்த்தால் பால்பாண்டியின் கன்னம் உப்பி, வயிறு முதுகோடு ஒட்டிப்போய், உதடு முன்னால் குவிந்திருந்தது. எதிரே இல்லாத பஞ்சை ஊதிக்கொண்டிருந்தான். "பஞ்சு அடங்கட்டும்" என்றது குரல். வாய் மூடியது. படுக்கை மெதுவாக உள்ளே நகர்ந்தது. நெஞ்சு கல் மாதிரிக் கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சங்கையாவும் மூச்சை விட்டுவிட்டு இழுக்காமல் நின்றுகொண்டிருந்தார் என்று ஜோயல் அப்புறம் சொன்னான்.

"ம், இழுத்துக்கிடுங்க."

திரையில் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி வந்தன. ஜோயல் உருட்டிக்கொண்டே போய் நடு நெஞ்சில் நிறுத்தினான். மூச்சுக்குழாயின் பின்சுவர் உள்ளே வளைந்திருந்தது. சுத்தமான பிறை.

டாக்டர் ஷெரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சங்கையா கிண்ணத்திலிருந்து பால்பாண்டியின் தாயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"என்னலே, சரியா ஊதுனனா?"

"மில்லுல ஒரு நாளாவது இப்படி ஒழுங்கா ஊதியிருந்தா மேஸ்திரி உன்னையத் திட்டியிருக்க மாட்டாரு."

அன்றைக்குப் பன்னிரண்டில் பதினொன்று பிறை. ஒருவருக்கு மட்டும் நடுவில் இருமல் வந்துவிட்டது, அது யார் குற்றமும் இல்லை. ராஜபாளையத்து ஆட்கள் ஆராய்ச்சியில் இருக்கட்டும் என்று அன்று மத்தியானமே மதுரையிலிருந்து பதில் வந்தது. அடுத்த ஞாயிறு மீதி மில் ஆட்களும் முடிந்தார்கள். கோர்ட் டைப்பிஸ்டுகள் வந்த அன்று ஜோயல் மறந்துபோய்ச் சங்கையாவின் குரலையே ஓடவிட்டான். ஒரு டைப்பிஸ்ட் படுத்தபடியே தலையைத் தூக்கி, "எந்தப் பஞ்சு சார்? நான் எதுவும் கொண்டு வரலையே" என்றார். அவர்களுக்குப் பட்டணத்துப் பிள்ளையின் குரலே போதும் என்று முடிவாயிற்று. 'அடக்கவும்' என்றால் அடக்குகிற ஆட்கள் அவர்கள்.

ஆனால் அந்த ஒன்பது பேர் சங்கையாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தார்கள். டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம், "அவியளுக்கு வழி உண்டா?" என்பார். டாக்டர் ஷெரின் நடந்ததை எல்லாம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். குரலில் இருந்த குறை, அதை மாற்றின விதம், மாற்றின பிறகு வந்த படங்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விருப்பமுள்ளவர்களுக்குக் காலி நெஞ்சுப் படம் மட்டும், குறைந்த கதிரில், ஒரே ஒரு தரம் எடுத்துக்கொள்ளலாம்.

சங்கையா செட்டியார்பட்டிக்குப் போய் சீனியம்மாள் வீட்டு வாசலில் நின்றார். முதலில் உண்மையைச் சொன்னார். அன்றைக்குப் படம் கெட்டுப்போனது, கேட்டபோது சொல்லத் தைரியமில்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டேன் என்றார்.

"அன்னைக்கே தெரியும்லே" என்றாள் சீனியம்மாள். "டீ வாங்கியாரேன்னு போனவன் இன்னும் வரல."

"மறுபடி ஒருக்கா வரணும் மதினி. இஷ்டம் இருந்தாத்தான். கட்டாயம் இல்ல."

"மெஷினுக்குள்ள இருக்க அந்த மினுக்குக்காரிதான் பேசுவாளா?"

"இல்ல. நான்தான் பேசுவேன்."

"அப்பம் வாரேன். உன் சத்தம்னா செவுடனுக்கும் கேக்கும்."

ஒன்பதில் ஏழு பேர் சரி என்றார்கள். முதல் ஆளாகச் சீனியம்மாள் வந்து படுத்தாள். பழக்கும்போது ஒரு தரம் சிரித்துவிட்டாள். இரண்டாம் தரம் சிரிக்கவில்லை. குரல் ஊதச் சொன்னதும் அவள் முகம் மாறியது. கண்ணை இடுக்கிக்கொண்டு, எதிரே கோன்கள் வரிசையாக நிற்பதுபோல ஊதினாள். இருபத்தாறு வருஷப் பழக்கம். "பஞ்சு அடங்கட்டும்." அடங்கினாள்.

திரையில் பிறை விழுந்திருந்தது. அதற்குக் கீழே, நுரையீரலின் அடிப்பக்கத்தில் மூன்று கறுப்புத் திட்டுகளும் இருந்தன. டாக்டர் ஷெரின் அவற்றை நெடுநேரம் பார்த்தார். இதற்கு மூச்சோடு சேர்த்து இழுக்கிற மருந்து இருக்கிறது, அடுத்த வாரமே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். சங்கையா கிண்ணத்தை நீட்டினார். அவள் சங்கிலியை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"இப்பம் சொல்லு. என் படம் எப்படி?"

"பெற வுழுந்துட்டு மதினி. மூச்ச முழுசா விட்டிருக்கீக."

"பொறவு?"

சங்கையா இந்தத் தரம் டீக்கடைக்குப் போகவில்லை. "அடியில மூணு எடத்துல காத்து சிக்கிக் கெடக்கு. மருந்து இருக்காம். டாக்டரம்மா இப்பம் வெவரமாச் சொல்லுவாக."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? மாடி ஏறும்போதெல்லாம் அதுதான சொல்லுது." சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நான் சொன்னா யாரு நம்புனா? மில் டாக்டரு நம்புனானா, என் மக நம்புனாளா? படத்துல வந்துட்டா, இல்லையா, அதச் சொல்லு."

"வந்துட்டு."

"அம்புட்டுதான் வேணும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "ஏலே, அந்த டீ இன்னும் வரல" என்றாள்.

சங்கையா சிரித்துக்கொண்டே படுக்கை விரிப்பை மாற்றினார். பிறகு கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் இருந்த அடுத்த ஆளைப் பார்த்து, தெருமுனை டீக்கடைக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"அடுத்த ஆள் உள்ள வாங்க! பயப்படாதீக!"

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஜோயல், "அண்ணாச்சி, மெதுவா" என்றான்.